யார் முதலில் பேசுவது?



மறையுரையில் சினிமாவா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் எங்கள் கடலூர் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ‘பசங்க’ படத்தைப் போட்டுக் காட்டினேன். 2009-இல் பாண்டிராஜ் இயக்கி, சசிகுமார் தயாரித்த படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

கதை நடப்பது புதுக்கோட்டை மாவட்டத்து விராச்சிலையில். புதிதாகப் பள்ளியில் சேரும் அன்புக்கரசு, தன் பெயரோடு ஐ.ஏ.எஸ். என்று சேர்த்துச் சொல்லிக்கொள்கிறவன். அதுவரை வகுப்பில் ராஜாவாக இருந்த வாத்தியார் மகன் ஜீவாவுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைகளின் சண்டை வீட்டுக்கு வருகிறது, பெரியவர்களும் மோதிக்கொள்கிறார்கள். அன்புவின் வீட்டிலோ அப்பாவுக்கும் அம்மாவுக்குமே ஓயாத சண்டை.

இந்த நிலையில் ஜீவாவின் தந்தை சொக்கலிங்கம் வாத்தியார், அன்புவின் தந்தை வெள்ளைச்சாமியிடம் மனம்விட்டுப் பேசுகிறார். யார் பக்கம் நியாயம் என்று வழக்காடவில்லை. பெற்றோரின் சண்டை பிள்ளையின் மனத்தை என்ன செய்யும் என்பதைத்தான் பேசுகிறார். அதைக் கேட்ட பிறகு வெள்ளைச்சாமி பழைய வெள்ளைச்சாமியாக இருக்க முடியவில்லை.

படம் முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “ஃபாதர், தப்பு ரெண்டு பக்கமும்தானே? வாத்தியார் மட்டும் ஏன் முதல்ல போய்ப் பேசணும்?”

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை எடுத்துச் சொன்னேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் உறவைச் சரிசெய்யச் சொல்கிறார் இயேசு. அதுவும் எப்போது? நமக்குப் பிறர்மேல் மனத்தாங்கல் இருக்கும்போது என்று அவர் சொல்லவில்லை. பிறருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வரும்போது! அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேய மக்கள். பீடம் இருந்ததோ எருசலேமில். காணிக்கையை அங்கே விட்டுவிட்டு ஊர் திரும்பி, சமாதானமாகி, மறுபடி போவதென்றால் நாள்கணக்கில் நடக்க வேண்டும். அவ்வளவு நடக்கச் சொல்கிறாரா என்றால், ஆம், சொல்கிறார்.

பையன் தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் சிதம்பரத்தில் படித்தவன். பள்ளியில் எனக்கு ஒரு நண்பன். மார்கழித் தேருக்கு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கீழவீதிக் கூட்டத்தில் நுழைவேன். கிறிஸ்துமஸுக்கு அவன் எங்கள் வீட்டுக் குடிலில் முதல் ஆளாக வந்து நிற்பான். அவன் வீட்டுக் கத்தரிக்காய் கொத்சுவின் வாசம் இன்னும் மறக்கவில்லை. என் அப்பா இறந்த பிறகு எங்கள் பழைய வீட்டை விற்க அலைந்தவன் அவன்தான். அதில் அவன் பணம் பார்த்துவிட்டதாக உறவினர் ஒருவர் சொன்னார். நம்பினேன். கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். அது பொய் என்று இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. அதன் பிறகும் பத்து வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் திருப்பலியில் பீடத்தருகே நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

விபத்தில் நினைவிழந்து கிடக்கும் அன்புவை எழுப்ப, ஜீவா கைதட்டுகிற காட்சியில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். என் கைகள் மடியிலேயே இருந்தன.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வரும் செவ்வாய்க்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் கிளம்புகிறேன். போனில் சொல்லவில்லை. கதவைத் திறப்பானா, தெரியாது. எனக்காகச் செபித்துக்கொள்ளுங்கள்.