காங்கேசன்துறைத் தொகுதியும் செல்வநாயகமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்து வாலிபர் சங்கத்து மேடையில் ஒரு கிறிஸ்தவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று அன்பர் சிலர் எம்மிடம் கேட்டனர். தெல்லிப்பழைக்கு அக்கேள்வி புதியதன்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலும் அது கேட்கப்பட்டது. அதனாலேயே அவரைப் பற்றிப் பேசத் துணிந்தோம்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே தெல்லிப்பழைக்கு வந்து யூனியன் கல்லூரியிற் படித்தார். பின் பரியோவான் கல்லூரி, கொழும்பு பரி. தோமையர் கல்லூரி, இலண்டன் விஞ்ஞானப் பட்டம், சிலகாலம் ஆசிரியத் தொழில். அதன்மேல் அப்புக்காத்தாகி, சிவில் வழக்குகளிற் பெயரெடுத்தார். மேடையை அதிர வைக்கும் பேச்சு அவரிடம் இல்லை. மெல்லிய குரல், பிற்காலத்திற் பார்க்கின்சன் நோய் அதையும் குறைத்தது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேளாது என்பார்கள். ஆயினும் கூட்டம் கலையாது.

1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். ஓராண்டு செல்லுமுன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7,80,000 பேர். தேயிலைக்கும் றப்பருக்கும் உழைத்த அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராகவும், பின்னர் வாக்கற்றவராகவும் ஆக்கப்பட்டனர். எங்கள் பகுதிச் செம்மண் தோட்டக்காரர் ஒருவருக்கேனும் அச்சட்டத்தால் ஒரு சதமும் நட்டமில்லை. வாய் திறவாதிருந்தால் இவருடைய கதிரைக்கும் ஆபத்தில்லை. ஆனால் இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை மொழி விஷயத்தில் நமக்கு நேரும் என்று சபையில் எச்சரித்தார். தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் மந்திரி சபையிற் சேர்ந்தபோது செல்வநாயகமும், கோப்பாய் வன்னியசிங்கமும், டாக்டர் நாகநாதனும் பிரிந்தார்கள். 1949 டிசம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது.

1952இல் அவர் மீண்டும் வாக்குக் கேட்டு வந்தார். எதிர்த்து நின்றவரும் சாமானியரல்லர். ஐக்கிய தேசியக் கட்சி அபேட்சகரான சு. நடேசபிள்ளை, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகர், பரமேஸ்வராக் கல்லூரி அதிபராயிருந்தவர், தமிழறிஞர், அரசாங்க சபையிலே இத்தொகுதியின் பழைய அங்கத்தவர், சைவர். இத்தனைக்கும் அவர் தஞ்சை நாட்டிற் பிறந்து இங்கே வந்தவர் என்பதை யாரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை! தொகுதி அவரைத் தெரிந்தெடுத்தது, செல்வநாயகம் தோற்றார். நடேசபிள்ளை பின்னர் தபால் மந்திரியுமானார். அவர்மீது எமக்குக் குறையொன்றுமில்லை. ஆனால் மலைநாட்டாருக்காகக் கட்சியை விட்டு வந்தவரை நம் முன்னோர் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதை மறைத்துப் பேசுவது வரலாறாகாது. மூத்தோர் எம்மைப் பொறுத்தருள்க.

1956 பெப்ரவரியிற் களனி மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சி சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்று தீர்மானித்தது. எட்டாண்டுக்கு முன் கேட்ட எச்சரிக்கை அப்பொழுதுதான் இங்கே உறைத்தது. ஏப்ரல் தேர்தலில் அதே வாக்காளர் அவரை அனுப்பினார்கள்; அவரது கட்சிக்குப் பத்துக் கதிரைகள் கிடைத்தன. 1957இல் பண்டாரநாயக்காவுடனும், 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் செய்த ஒப்பந்தங்களின் கதையை யாவரும் அறிவர். இரண்டும் நிறைவேறவில்லை. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிற் சத்தியாக்கிரகம் இருந்து, பனாகொடையிற் காவலில் வைக்கப்பட்டார்.

1972இல் குடியரசு யாப்பை ஏற்கமாட்டோமென்று, தம் கதிரையைத் தாமே துறந்து, முடிவை இத்தொகுதி மக்களிடம் விட்டார். இடைத்தேர்தல் வைக்க அரசாங்கத்துக்கு இரண்டாண்டுக்கு மேற் பிடித்தது. 1975 பெப்ரவரி 6இல் அது நடந்தபோது அவருக்கு வயது 76. உடல் மிகத் தளர்ந்திருந்தது. எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் வி. பொன்னம்பலம். பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட அதிகப்படி வாக்குகளால் அவரை அனுப்பினோம். அந்தத் தேர்தலில் அவருடைய சமயம் என்னவென்று கேட்டவர் இலர்.

1977 ஏப்ரல் 26இற் காலமானார். தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமையோ ஒப்பந்தம் ஒப்பந்தமாக இழுபட்டு, எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே கிடைத்தது. 1952இல் இத்தொகுதி வாக்களித்து அப்போது ஐம்பத்தோராண்டு கழிந்திருந்தது.