சாதிப் பெயர் சொல்லாமல் சாதியை எழுதுவது

(சேவூரில் இளம் வாசகர்களுக்காக நடந்த சிறுகதைப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமையும் பாதிப் பேருக்கு ஷிப்ட் இருக்கிற ஊர் இது. அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கொடுத்த கதைகள் எல்லாவற்றையும் படித்தேன். பாதிக்கு மேல் ஆணவக்கொலைக் கதைகள். காதலிக்கிறார்கள், ஊருக்குத் தெரிகிறது, தண்டவாளத்தில் உடல் கிடக்கிறது. கோபம் நியாயமானது. ஆனால் செத்துப்போகிற பையன் கதையில் வேறு எதுவுமே செய்வதில்லை. அவனுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும், யாரிடம் கடன் வாங்கியிருக்கிறான், கோபம் வந்தால் எப்படித் திட்டுவான், ஒன்றும் தெரியவில்லை. சாவதற்காகவே கதைக்குள் கூட்டிவந்த மாதிரி இருக்கிறான். கொன்றவர்களைப் பற்றியோ 'ஆதிக்கச் சாதியினர்' என்று ஒரே சொல். கட்டுரைக்கு அந்தச் சொல் போதும், நானே ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பத்து முறை எழுதுகிறேன். கதையில் 'ஆதிக்கச் சாதியினர்' எழுந்து பல் விளக்கி டீ குடிக்க முடியாது.

இந்த ஊர்ப் பக்கமே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2018 ஜூலை. பக்கத்துத் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக மாற்றலாகி வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவையே இடமாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகு அந்த உத்தரவு ரத்தானது. சேவூர் காவல் நிலையத்தில் 80-க்கும் மேற்பட்டவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டு சிறை விதித்தது.

இதெல்லாம் செய்தியில் வந்துவிட்டது. இதையே கதையாக எழுது என்றால் உங்களில் பலர் பள்ளி வாசலில் கூடிய கூட்டத்தில்தான் தொடங்குவீர்கள். அங்கே தொடங்கினால் செய்தியை விடக் கூடுதலாக ஒரு வரிகூட எழுத முடியாது.

நானாக இருந்தால் அதற்கு முந்தின நாள் ராத்திரி ஒரு வீட்டு அடுப்படியில் தொடங்குவேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இப்போதுதான் வந்திருக்கிறாள், உடம்பெல்லாம் வலி. நாளையிலிருந்து பள்ளிக்கூடத்தில் சாப்பிடாதே என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் சொல்வாள்? சாதிப் பெயரை நிச்சயம் சொல்லமாட்டாள். "நம்மூட்டுச் சோறே கட்டித் தாரேன் சாமி, அங்க திங்க வேண்டாம்" என்பாள். பிள்ளை "ஏம்மா?" என்று கேட்கும். அந்த "ஏம்மா"வுக்கு அவள் என்ன பதில் சொல்கிறாள், அல்லது சொல்லாமல் சட்டியைக் கழுவப் போகிறாளா என்பதுதான் கதை. நாளைக்கு விடியுமுன் எழுந்து அந்தச் சோற்றை ஆக்கப்போவதும் அவள்தான். ஓசியில் கிடைக்கிற மதியச் சோற்றை விட்டுவிட்டுத் தன் தூக்கத்தைக் கொடுத்துச் சாதியைக் காப்பாற்றுகிறாள். அவள் மேல் நமக்கு இரக்கமும் வர வேண்டும், கோபமும் வர வேண்டும்.

'சாமி' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கொங்கில் பிள்ளையைக் கொஞ்சுகிற சொல் அது. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம், பாட்டியை அவ்வா என்போம். என் அவ்வா தன் பேரன் வயதுப் பையன் ஒருவனைத் தோட்டத்தில் 'சாமி' என்றுதான் கூப்பிடும். அவன் திருப்பி அவ்வாவைப் பெயர் சொல்லி 'வாடி' என்பான். கொஞ்சலும் அதே சொல், கும்பிடும் அதே சொல். ஒரே கதையில் இரண்டு இடத்தில் இந்தச் சொல்லை வைத்துப் பாருங்கள், விளக்கம் எதுவும் வேண்டியிருக்காது. கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ் என்று சினிமாக்காரர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்த 'ங்க' யாருக்குப் போகிறது, யாரிடம் வந்ததும் நின்றுவிடுகிறது என்று நீங்கள் எழுதுங்கள். பாமாவின் 'கிசும்புக்காரன்' தொகுப்பு 1996-இல் வந்தது. அதில் 'அண்ணாச்சி' என்று ஒரு கதை. தலித் இளைஞன் ஒருவன் நிலக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிடுகிறான். அந்த ஒரு விளிதான் கதைக்கே அச்சு. அவன் அழுகிறவனும் இல்லை, சாகிறவனும் இல்லை. குசும்பு பிடித்தவன். வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது.

இன்னொன்று, என் வீடு மாதிரித் தெலுங்கு பேசுகிற அருந்ததியர் வீடுகள் தமிழ்ச் சிறுகதையில் எத்தனை வந்திருக்கின்றன? காலனிக்குள் ஒரு மொழி, ஊருக்குள் இன்னொன்று, கம்பெனியில் இந்திக்காரப் பையன்களோடு மூன்றாவதாக ஒன்று. இதை எழுத வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

அப்படியானால் சாதிப் பெயரை எழுதவே கூடாதா என்று இடைவேளையில் ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. 2015 தொடக்கத்தில் 'மாதொருபாகன்' விவகாரத்தில் பெருமாள்முருகன் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். அடுத்த மாதமே கரூரில் புலியூர் முருகேசன் ஒரு சிறுகதைக்காகத் தாக்கப்பட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பெருமாள்முருகனுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது என்றாலும், அந்தப் பயம் இந்த வட்டாரத்தில் எழுதுகிறவர்களின் கையில் தங்கிவிட்டது. அதன்பின் சாதிப் பெயரை விடுவது நுட்பம் என்றும் சொல்லிக்கொள்ளலாம், தப்பிப்பது என்றும் சொல்லலாம்.

எனக்கு ஒரு சோதனை உண்டு. கதையைச் சேவூர்க்காரர் ஒருவரிடம் கொடுங்கள். இரண்டாம் பக்கத்துக்குள் யார் வீடு, எந்தத் தெரு என்று அவருக்குத் தெரிந்துவிட வேண்டும். "எந்தக் கூட்டம்?" என்று ஒருவர் விசாரிப்பது, "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கம்பெனியில் புதிதாக வந்தவளிடம் கேட்பது, டீக்கடையில் ஒருவருக்குக் கண்ணாடிக் கிளாசும் இன்னொருவருக்குப் பேப்பர் கப்பும் வருவது, இவை போதும். தெரியவே இல்லை, எங்கோ ஒரு ஊர், ஏதோ ஒரு சாதி என்று அவர் சொன்னால் பெயரை எழுதிவிடுங்கள். அந்த மங்கலால் பிழைப்பது ஆதிக்கச் சாதிதான். 'பூக்குழி'யிலும் சாதிப் பெயர் கிடையாது. ஆனால் நூல் தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பணம்.

முடிவு பற்றியும் கேட்டீர்கள். இமையத்தின் 'பெத்தவன்' படியுங்கள். 2012-இல் வந்த நெடுங்கதை. மகளைக் கொன்றுவிடு என்று ஊர் சொல்கிறது. அப்பன் அவளை அனுப்பிவைத்துவிட்டுத் தான் விஷம் குடிக்கிறான். கொலைக்கதைதான், ஆனால் கொல்லச் சொல்லப்பட்டவனின் ராத்திரிக்குள் நம்மை உட்காரவைக்கிறார். ஊர்க் கூட்டத்தில் உட்காரவைத்திருந்தால் இது இன்னொரு செய்தி.

சத்துணவுக் கதையை நீதிமன்றத் தீர்ப்பில் முடிக்காதீர்கள். 2018-இல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது 18, 19 வயது. படிக்கிறவர்கள் போக மீதிப் பேர் எங்கே இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அன்று வீட்டிலிருந்து சோறு கொண்டுபோன பெண்ணும், பள்ளியில் சாப்பிட்ட பெண்ணும் ஒரே கம்பெனியில், ஒருத்தி பவர் டேபிளில், ஒருத்தி கைமடியாகப் பக்கத்தில். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். ஒருத்தி குழம்பை நீட்டுகிறாள்.

அதற்குமேல் என்ன நடக்கிறது என்பதை நான்கு பக்கத்துக்குள் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதம் இங்கேயே படிப்போம். நிஜத்தில் பாதிக்கப்பட்ட அந்த அம்மாவின் பெயரை மட்டும் பாத்திரத்துக்கு வைக்க வேண்டாம், அவர் ஏழு ஆண்டு கோர்ட்டுக்கு நடந்தது போதும். பாத்திரத்துக்கு வேறு பெயரும் கொஞ்சம் வாய்த்துடுக்கும் கொடுங்கள்.