சீமையின் யோக்கியதை: கட்சி மாறுகிறது, காரியம் மாறுகிறதா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சீமை அரசியலைப்பற்றியதாகும். "சீமைக் கதை நமக்கெதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். கடவுளையே இல்லை என்று சொல்லத் துணிந்தவர்கள்கூட, "வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்கு, சர்க்கார் கடிகாரம்போல் நடக்கும்" என்பதை மாத்திரம் கேள்வி கேட்காமல் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அல்லாமலும், நாம் ஓட்டுப்போடும் முறையே அங்கிருந்து வந்ததாகும். ஆதலால் அந்த மூலஸ்தானத்துக்குள் என்னதான் இருக்கிறதென்று விளக்குப் பிடித்துப் பார்ப்பதில் தப்பொன்றுமில்லை.

முதலில் 'வளர்ச்சி' என்கின்ற மந்திரத்தை எடுத்துக்கொள்ளுவோம். 2008-ம் வருஷத்தில் பாங்கிகள் கவிழ்வதற்கு முன் அந்நாட்டுத் தொழிலாளியின் கூலி விலைவாசியைத் தாண்டி ஏறி வந்தது. அதற்குப் பின் சுமார் 15 வருஷ காலம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், அநேகமாய் ஏறவேயில்லை. இதற்கு எல்லாக் கட்சியாரும் ஜெபிக்கும் மந்திரம் 'வளர்ச்சி' ஒன்றுதான். 2022 செப்டம்பரில் கன்சர்வேடிவ் கட்சி லிஸ் டிரஸ் அம்மையாரின் மந்திரிசபை, 'வளர்ச்சித் திட்டம்' என்ற பேராலேயே சுமார் 4,500 கோடி பவுன் வரியைக் குறைப்பதாக அறிவித்தது. அந்தப் பணத்துக்கு வழி எங்கே என்று மாத்திரம் சொல்லவில்லை. நாலாம் நாளே பவுன் நாணயம் டாலருக்கு எதிரே என்றுமில்லாத அளவுக்கு விழுந்தது. பென்ஷன் நிதிகள் கவிழாமலிருக்க பாங்க் ஆப் இங்கிலாந்து குறுக்கே வரவேண்டியதாயிற்று. அம்மையார் பதவியிலிருந்தது 49 நாள். வீட்டுக்கடன் வட்டி ஏறியது சாதாரணக் குடும்பஸ்தன் தலையில். 2024-ல் வந்த லேபர் கட்சியும் 'வளர்ச்சியே எங்கள் முதல் வேலை' என்றுதான் ஆரம்பித்தது. மந்திரம் சொன்னால் மழை வராது என்பது நமக்குத் தெரியும். சொல்லுகிறவன் கோட்டும் டையும் போட்டிருந்தால் மாத்திரம் வந்துவிடுமா?

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு ரயில் பாதையைப் பாருங்கள். 1825-ல் நீராவி இஞ்சின் பூட்டிய பொது ரயிலை உலகத்துக்கு முதலில் ஓட்டிக்காட்டிய நாடு அது. அந்த நாடு லண்டனிலிருந்து பர்மிங்காம் வழியாக மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் அதிவேக ரயில் விடுவதாக 2012-ல் முடிவு செய்தது. 2021-ல் லீட்ஸ் கிளையை வெட்டினார்கள். 2023 அக்டோபரில் பிரதம மந்திரி ரிஷி சுனக் மான்செஸ்டர் கிளையையும் வெட்டினார். அதை அவர் அறிவித்த இடம் எது தெரியுமா? அதே மான்செஸ்டரில், பழைய ரயில் ஸ்டேஷனாக இருந்து கூட்ட மண்டபமாக மாறிய கட்டடம்! மிஞ்சிய பர்மிங்காம் பாதையாவது வருமா என்றால், 2026-ல் வண்டி ஓடும் என்று முதலில் சொன்னவர்கள், 2025-ல் "2033-க்குள்ளும் முடியாது" என்றார்கள். இந்தப் பாதைக்குப் பல இலாகாக்களிடம் வாங்கவேண்டியிருந்த அனுமதிகள் 8,276 என்றும், வௌவால்களுக்காக ரயில் மேல் கட்டும் கூண்டுக்கு மாத்திரம் 10 கோடி பவுனுக்கு மேல் ஆகிறதென்றும் 2024-ல் அந்தக் கம்பெனியின் தலைவரே சொன்னார். வௌவால் மேல் நமக்குப் பகையில்லை. "கூடாது" என்று சொல்ல ஆயிரம் பேருக்கு அதிகாரமிருந்து, "ஆகட்டும், நான் பொறுப்பு" என்று சொல்ல ஒருவனுமில்லாத இடத்தில் என்ன வளரும் என்பதே நம் கேள்வி.

நிற்க. ரயில் வராவிட்டால் காலமும் பணமும்தான் நஷ்டம். பொறுப்பில்லாத சர்க்காரால் மானமும் உயிரும் போனதைக் கேளுங்கள். சீமைப் போஸ்டாபீசுகளில் 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையை வைத்தார்கள். புஜிட்சு கம்பெனி நடத்திய அந்த யந்திரம் தப்புக் கணக்குக் காட்டியது. "பணம் குறைகிறது, நீ திருடிவிட்டாய்" என்று கிளைப் போஸ்டாபீசு நடத்தியவர்கள் மேல் கேசு போட்டார்கள். 2015 வரையில் 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். கர்ப்பிணியான ஒரு பெண் 2010-ல் ஜெயிலுக்குப் போனார். சொத்திழந்தவர்கள் உண்டு. தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. கோர்ட்டுகளோ, யந்திரம் சரியாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, தப்பென்று காட்டும் பாரத்தை ஏழைமேல் போட்டன. சாமிக்குத் தப்பு வராது, பக்தன்தான் பாவி என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2019-ல் பிரேசர் என்ற ஜட்ஜுதான், போஸ்டாபீசு நிர்வாகத்தின் பிடிவாதம் பூமி தட்டை என்று சாதிப்பதற்கு ஒப்பானது என்று தீர்ப்பில் எழுதினார்.

இத்தனை வருஷத்தில் லேபர், கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் ஆகிய மூன்று கட்சி மந்திரிகளும் அந்த இலாகாவைப் பார்த்தவர்களே. ஒருவரும் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. ஆலன் பேட்ஸ் என்கின்ற ஒரு கிளைப் போஸ்டு மாஸ்டரும் அவரோடு பாதிக்கப்பட்டவர்களும் சுமார் 20 வருஷம் போராடினார்கள். 2024 ஜனவரியில் டெலிவிஷனில் நாடகமாக வந்து ஜனங்கள் கொதித்த பிறகுதான், அந்த மே மாதத்தில் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்துச் செய்தார்கள்.

கட்சிகளுக்கு ஏன் இந்தத் துணிச்சல் என்றால், ஓட்டுக் கணக்கைப் பாருங்கள். 2010 முதல் 2024 வரையில் ஒரே கட்சியில் ஐந்து பிரதம மந்திரிகள் வந்தார்கள். 2024 ஜூலைத் தேர்தலில் பதிவான ஓட்டர்களில் 100-க்கு 40 பேர் ஓட்டுப்போடவே வரவில்லை. வந்தவர்களில் 100-க்கு 34 பேர்கூட லேபருக்குப் போடவில்லை. ஆனால் 650 ஸ்தானங்களில் 411 லேபருக்கு! 100-க்கு 14 ஓட்டு வாங்கிய ரிபார்ம் கட்சிக்கு 5 ஸ்தானம், 12 வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுக்கு 72. அந்தக் கட்சிகளின் கொள்கை நமக்குப் பிடிக்கிறதா என்பது வேறு சங்கதி. கணக்கு நியாயமா என்பதுதான் கேள்வி. 2011-ல் ஓட்டு முறையை மாற்றலாமா என்று கேட்டபோது, ஓட்டுப்போட்டவர்களில் 100-க்கு 68 பேர் வேண்டாமென்று சொன்னார்கள். பழக்கம் என்பது அங்கேயும் ஒரு மதந்தான் போலிருக்கிறது! அதே முறையைத்தான் நாமும் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே தோழர்களே! சீமையைப் பழித்துச் சந்தோஷப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. பூசாரியை மாற்றுவதால் கல் பேசாது என்பதுபோல், கட்சியை மாற்றுவதால் மாத்திரம் சர்க்கார் வேலை செய்யாது என்பதற்காகவே சொல்லுகிறோம். உங்களிடம் ஓட்டுக்கு வருகிறவன் கொடியின் நிறத்தைப் பார்க்காதீர்கள். "என்ன செய்வாய், எந்தத் தேதிக்குள் செய்வாய், பணம் எங்கே, தவறினால் பதில் சொல்லுபவன் யார்?" என்று இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள். யந்திரம் சொன்னாலும், மந்திரி சொன்னாலும், பெரும்பான்மை சொன்னாலும், "கணக்கைக் காட்டு" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். 900 குடும்பங்கள் கெட்டது, அப்படிக் கேட்கவேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கேட்காததால்தான் என்று சொல்லி, நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.