வழியில் பேசிக்கொண்டு வந்தது

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, மாற்கு 9:30-37)



வடசென்னையில் ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்தால் நாம் உடனே வீட்டுக்குப் போவதில்லை. எதிரே டீக்கடை. பேச்சு காசிமேட்டு மீன் விலையில் தொடங்கும், எண்ணூர்ப் புகைக்குப் போகும், கடைசியில் கால்பந்தில் வந்து நிற்கும்.

சில வாரங்களுக்கு முன் அங்கே ஒரு கேள்வி எழுந்தது. சென்னையின் எஃப்சி அணிக்கு இதுவரை ஆடியவர்களில் யார் பெரியவர்? 2014இல், முதல் ஆண்டிலேயே, 8 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய பிரேசில்காரர் எலானோ என்றார் ஒருவர். மறு ஆண்டே 13 கோல் அடித்த மென்டோசாவுக்கு முன்னால் அது நிற்குமா என்றார் இன்னொருவர். 2015 டிசம்பரை நாம் யாரும் மறக்கவில்லை. வெள்ளத்தால் அரையிறுதியைச் சென்னையில் ஆட முடியாமல் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுச் சுவரில் ஈரம் காயாத நேரத்தில், 20ஆம் தேதி, கோவாவில் இறுதி ஆட்டம். 90ஆம் நிமிடம் நெருங்கும்வரை பின்தங்கியிருந்த அணி 3-2 என்று கோப்பையை எடுத்தது. வெற்றி கோல் மென்டோசாவுடையது. அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே சிலருக்குக் கண் கலங்குவது வெறும் கால்பந்துக்காக அல்ல.

மிசோரத்து ஜேஜேவுக்கும் ஆதரவு இருந்தது. வியாசர்பாடிப் பையன்கள் மட்டும் விடவில்லை. அவர்களுக்கு தனபால் கணேஷ்தான். 2018 அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வென்றபோது ஜேஜே இரண்டு, கணேஷ் ஒன்று. "நம்ம தெருவுல பந்து உருட்டுன ஆளு ஃபாதர்!" குரல்கள் உயர்ந்தன. நாமும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் நடந்த இறுதியில் தலையால் இரண்டு கோல் அடித்த தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் என்றோம், கொஞ்சம் உரக்கவே.

ஓரமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் லெஃப்ட் பேக் ஆடியவர். "அந்த ரெண்டு கார்னரையும் அடிச்சுக் குடுத்தது யாரு?" என்று கேட்டார். யாருக்கும் சட்டென்று வரவில்லை. "கிரிகரி நெல்சன்" என்று அவரே சொன்னார். பிறகு அதே குரலில், "நாளைக்கு ஸ்டான்லில படுக்கணும் சாமி. இடது கால்ல சர்க்கரைப் புண்ணு. விரல எடுக்கணும்ன்றாங்க" என்றார்.

"அப்படியா, பார்த்துப் போங்க" என்றோம். உடனே மெயில்சனுக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் காலைத் திருப்பலியில் அவர் இடம் காலியாக இருந்தபோதுதான் அவர் சொன்னது நமக்குக் காதில் விழுந்தது.

இன்றைய நற்செய்தியை அந்த வரிசையில் வாசித்துப் பாருங்கள். தாம் கையளிக்கப்படுவதையும் கொல்லப்படுவதையும் ஆண்டவர் சொல்கிறார். சீடர்களுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். அடுத்த காட்சி கப்பர்நாகும் வீடு. வழியில் என்ன பேசினீர்கள் என்கிறார். வாய் திறப்பார் இல்லை, ஏனென்றால் பேசியது தங்களுக்குள் யார் பெரியவர் என்று. மாற்கு இதை ஒரு முறை மட்டும் வைக்கவில்லை. இயேசு தம் பாடுகளை மூன்று முறை அறிவிக்கிறார். முதல் முறை பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறார். இரண்டாவது, இந்த விவாதம். மூன்றாவது முறை, செபதேயுவின் மக்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை கேட்கிறார்கள். லூக்காவில் இறுதி இராவுணவுப் பந்தியிலேயே இதே தகராறு. அங்கே இருந்தவர்களில் ஒருவர் இராயப்பர், நம் இராயபுரம் பெயர் தாங்கி நிற்கும் அதே இராயப்பர்.

ஆண்டவர் அவர்களைத் திட்டவில்லை என்பது நமக்கு ஆறுதல். பெரியவராக விரும்புவதே பாவம் என்றும் அவர் சொல்லவில்லை. உட்கார்ந்தார், பன்னிருவரையும் கூப்பிட்டார், ஒரு சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தி அணைத்துக்கொண்டார். அந்தக் காலத்து வீட்டில் பிள்ளைக்கு என்ன சொல் இருந்தது? பெரியவர்கள் பேசும்போது ஓரத்தில் நிற்கும், அவ்வளவுதான். அந்த ஓரத்தை அவர் நடுவுக்குக் கொண்டுவந்தார். நம் டீக்கடையிலும் ஓரம் ஒன்று இருந்தது. நாம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை நாங்கள் நான்கு பேர் ஸ்டான்லிக்குப் போனோம். வியாசர்பாடிப் பையன்களில் ஒருவனும் வந்தான். இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். கால் முழுக்கக் கட்டு. எங்களைப் பார்த்ததும் பெரியவர் எழுந்து உட்கார முயன்றார்.

"என்ன சாமி, அன்னிக்கு முடிவாச்சா? யாரு பெரிய பிளேயரு?"

எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அந்தப் பையன் கட்டிலுக்கு அடியில் இருந்த ஃபிளாஸ்கைக் குலுக்கிப் பார்த்தான். காலியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கீழே இறங்கிப் போனான்.