மூலம்தானேன்னு விட்டுடாதீங்க
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வட்டி பற்றியெல்லாம் பேசிட்டாங்க. நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். அதனால பெருங்குடலில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேசுறேன்.

நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கு. பெரும்பாலானவை நமக்கு நல்லதுதான் செய்யுது. அதுல ஈ.கோலைன்னு ஒண்ணு. அதன் சில வகைகள் மட்டும் கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரக்கும். அந்த நச்சு குடல் செல்லின் மரபணுவில் தழும்பு மாதிரி ஒரு அடையாளத்தை விட்டுட்டுப் போகுது. 2025-ல் வெளிவந்த ஆய்வில், 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் புற்றுக்கட்டிகளைப் பார்த்தாங்க. 40 வயசுக்குள்ள நோய் வந்தவங்ககிட்ட அந்தத் தழும்பு, 70 வயசுக்கு மேல வந்தவங்களைவிட மூணு மடங்குக்கும் அதிகமா இருந்தது. 10 வயசுக்குள்ளேயே அது விழுந்திருக்கலாம்னு சொல்றாங்க.

ஆனா, கிருமிதான் காரணம்னு இன்னும் முடிவாகலை. வயிற்றுப்போக்கு வந்தவங்களுக்கெல்லாம் புற்றுநோய் வரும்னு பயப்படாதீங்க. இது ஒட்டிக்கிற நோயும் இல்லை. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்க வேண்டாம். கிருமியைக் கொல்றேன்னு மருந்துக்கடையில நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்கவும் கூடாது.

நாம செய்ய வேண்டியது வேற. மலத்தில் ரத்தம் போனா நாம என்ன சொல்றோம்? "உடம்பு சூடு", "மூலம்". வெந்தயத்தை ஊறவைச்சுக் குடிச்சுட்டு வேலைக்குப் போயிடுறோம். பிரசவத்தையும் கருத்தடையையும் என்கிட்ட வாய்விட்டுப் பேசின பெண்கள்கூட இதை மட்டும் சொல்லக் கூச்சப்படுவாங்க. மூலமாவும் இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

ரத்தம் மட்டுமில்லை. மலம் கழிக்கிற வழக்கம் சில வாரமா மாறியிருந்தாலும், காரணமில்லாம எடை குறைஞ்சாலும், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறலைன்னாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. "பொம்பளைக்கு ரத்தம் கம்மிதான்"னு சொல்லி விட்டுடாதீங்க. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்களுக்கு இந்த நோய் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

பெரும்பாலும் குடலில் சின்ன மொட்டு மாதிரி வளர்ற சதை, புற்றா மாறப் பல வருஷம் ஆகும். அதுக்குள்ள தெரிஞ்சா, கொலோனோஸ்கோபி செய்யும்போதே அந்த மொட்டை எடுத்துடலாம். தாமதமானா பெரிய ஆபரேஷன், கீமோ மருந்து. சில நேரம் உயிரே போயிடும்.

வீட்டில் கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை அடிக்கடி சமைங்க. பீடி, சிகரெட், மது இந்த நோய்க்கும் வழி விடும்னு வீட்டு ஆம்பளைங்களுக்கும் சொல்லுங்க.

ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிஞ்சதும் இதைப் பற்றி அஞ்சு நிமிஷம் பேசுங்க. யாராவது தயங்கினா, குழுவிலிருந்து ஒருத்தர் துணைக்குப் போங்க. பஸ் செலவுக்குக் கையில் காசில்லைன்னா குழுவில் அவசரக் கடன் கொடுங்க. கடனை மெதுவா அடைச்சுக்கலாம். நோயைத் தள்ளிப்போட முடியாது.