பத்திரத்தில் ஒரு வெற்றுக் கட்டம்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



குடும்ப சரித்திரம் என்பது அரச வமிசத்தாருக்கு உரியது, லயத்தில் வாழ்ந்தவர்க்கு அது ஏது என எண்ணுவோர் நம்முள்ளும் உளர். ஆனால் இம்மலைநாட்டில் பாட்டன் பூட்டன் எங்கே பிறந்தார் என்பதை எழுத்தில் நிரூபிக்குமாறு சட்டம் கேட்டது நம்மவரையே.

உங்கள் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பெற்றோர் விபரத்தின் பின், பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கப்பட்டிருக்கும். தந்தை இங்கு பிறவாது பூட்டன் பிறந்திருந்தால் அவர் விபரம் அடுத்த கட்டத்தில். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் கேட்டதும் இதைப் போன்றதே. இங்கு பிறந்தவரும் வமிசவழிப் பிரசையாக வேண்டுமாயின் தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பூட்டன் பிறந்த நாளில் பதிவுப் புத்தகம் எத்தனை லயங்களை எட்டியிருக்கும்? அக்கட்டத்தில் பலருக்கு விழுந்தது ஒரு கோடுதான்.

பின்னர் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பங்கள். 1964இல் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பேசி முடித்தார்கள். மிகுதி 1,50,000 பேரைப் பின்னொரு நாளைக்கு வைத்தார்கள். எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருப்பு.

இவற்றால் வீடுதோறும் கடதாசி சேர்ந்தது. விண்ணப்பப் பிரதி, மறுப்புக் கடிதம், துரை கொடுத்த அத்தாட்சி, இந்தியக் கடவுச்சீட்டு. பிரசாவுரிமை கிடைத்துவிட்டது, இனி இவை எதற்கு என்று அடுப்பில் இட எண்ணும் பெரியோரைக் கைகூப்பி வேண்டுகிறேன், இடாதீர்கள். கடவுச்சீட்டில் பிறந்த ஊரின் பெயர் இருக்கும். அதைவிட வேறென்ன வேண்டும்?

பிரதேச செயலகத்திற் பிறப்பு, விவாக, மரணப் பதிவுகளைத் தேடும்போது பெயரின் எழுத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ராமாயி ஒன்றில் ராமை, மற்றொன்றில் ரமயி ஆகியிருப்பாள். தோட்டங்களுக்கும் இரண்டு பெயர். பாட்டி சொல்லும் தமிழ்ப் பெயர் படத்தில் இராது. பழைய பெர்குசன் டிரக்டரியில் தோட்டங்களின் விபரம் உண்டு. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தையும் நாடலாம்.

ஆண்டு தெரியாவிடின் வந்த வழியை விசாரியுங்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்ததாகச் சொன்னால் அது 19ஆம் நூற்றாண்டு, கோப்பிக் காலமாகவும் இருக்கலாம். கழுத்தில் தகரத் துண்டு கட்டினார்கள் என்றால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அல்லது அதற்குப் பின். தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் ரயில் பிடித்தார் என்றால் 1914க்கு முன் அல்ல.

ஒன்று கவனித்தீர்களா? சட்டம் கேட்டதெல்லாம் தந்தைவழி. அம்மாயி பிறந்த கிராமத்தை எந்தக் கட்டமும் கேட்கவில்லை. அதை அவர் வாயாற் கேட்டு எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் அந்த ஒரு கிராமத்தின் பெயரையாவது எழுதிக்கொண்டு வாருங்கள். சங்க அலுமாரியில் அதற்கென ஒரு கொப்பி வைத்திருக்கிறோம்.