வாடகை வீட்டில் சைக்கிள்

வாடகை வீட்டில் சைக்கிளுக்கு ஏற்ற இடம் பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில்தான். மழை படாது, தெருவில் போகிறவர் கண்ணிலும் படாது. கரண்ட் மீட்டர் அங்கே இருந்தால், கணக்கெடுக்க வருபவருக்கு வழி விட்டு நிறுத்த வேண்டும். பின்சக்கரப் பூட்டை மட்டும் நம்புவது பெரிய தவறு. அது சக்கரம் சுழல்வதைத்தான் தடுக்கும். 15 கிலோ வண்டியை ஒருவரே தூக்கிக்கொண்டு போய்விடலாம். பூட்டுச் சங்கிலியை ஃபிரேமுக்குள்ளும் பின்சக்கரத்துக்குள்ளும் நுழைத்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். சங்கிலி தரையில் தொய்ந்து கிடந்தால் சுத்தியலால் அடித்து உடைப்பது எளிது. தரைக்கு மேலே இறுக்கமாக இருக்கட்டும். ஜன்னல் கம்பி இல்லாத இடத்தில் பூட்டுவதற்காகச் சுவரில் கொக்கி அடிப்பதானால், வீட்டுக்காரரின் சம்மதம் தேவை. வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், பெடல் அச்சுக்கு அடியில் பெரும்பாலும் ஃபிரேம் எண் பொறித்திருக்கும். அதைக் குறித்து வைத்தால், திருட்டுப் புகாரில் வண்டியை அடையாளம் காட்ட உதவும்.